மொட்டைத்தலை ராஜா காசு நாற்பது

பெயர்: ஜெபக்கனி. வயது: 15. தகப்பனார்: ஏசுதாசன். படிப்பு: பத்தாம் வகுப்பு. விலாசம்: ரயில் நிலையம் போகும் சாலை, சங்கரன்கோவில். நாள்: 31-7-1982, சனிக்கிழமை, பகல் 2 மணி.

நான் மேற்படி விலாசத்தில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். என் தாயார் சுந்தரபாய் வீட்டில் இருந்தபடி விசைத்தறிக்குத் தார் சுற்றுகிறார், அதாவது ஊடு நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறார். அடுத்த வீட்டு ஷரீபா பீவியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் இரண்டு மாதம் முன்பு காலமானார். கணவரை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அவர் இருப்பதால் வெளியே வருவதில்லை. மகளை நர்சு படிப்பில் சேர்க்கப் பணம் தேவைப்பட்டு, கணவர் துணிப்பையில் தைத்து வைத்திருந்த வெள்ளி ரூபாய் நாற்பதையும் பையைப் பிரிக்காமலே 29-ம் தேதி என் தாயாரிடம் கொடுத்து விற்று வரச் சொன்னார்.

என் தாயார் அந்தப் பையைப் பாத்திரக் கடை பரமசிவன் அண்ணாச்சியிடம் கொண்டு போனார். அவர் பையைப் பிரித்துப் பார்த்து, நாற்பதும் மொட்டைத்தலை ராஜா காசு, அதாவது கிரீடம் இல்லாத எட்வர்டு மன்னர் காசு, இவை அரை வெள்ளிதான் என்று சொல்லி, ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய் வீதம் 560 ரூபாய் கொடுத்தார். கிரீடம் வைத்த காசுக்கு அவர் கடையில் இருபத்தேழு ரூபாய். என் தாயார் 560 ரூபாயையும் அப்படியே பெரியம்மா கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து விவரம் கேட்டு, அந்தக் காசெல்லாம் முழு வெள்ளி என்று நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்று சொன்னதற்கு, என் தாயார், "யாவாரிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரும்? பேசாம படி" என்றார்.

மறுநாள் பெரியம்மாவின் தம்பி தாவூது மாமா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தார். கடையில் விசாரித்துவிட்டு, என் தாயார் முழு வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு அரை வெள்ளிக் காசை மாற்றி வைத்துவிட்டதாக இந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். இன்று காலை ஒன்பது மணிக்குக் காவலர் வந்து கூப்பிட்டபோது என் தாயார் தார்க் குச்சியைக் கையில் பிடித்தபடியே நிலையத்துக்கு வந்தார். நானும் கூட வந்தேன். தகப்பனார் தறிக்கூடத்தில் இருந்தார்.

நிலையத்தில் தாவூது மாமா, "எங்க மச்சான் எப்பப் பாத்தாலும் முழு வெள்ளின்னுதான் சொல்லுவாரு. அரை வெள்ளி எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அதன் பிறகு சார்பு ஆய்வாளர் ஐயா பரமசிவன் அண்ணாச்சியை அந்த நாற்பது காசுடன் வரச் சொன்னார். அண்ணாச்சி, "எங்கிட்டக் காசு வாங்குற மதுரை யாவாரி போன வருசத்துல இருந்து, உங்க பையில அரை வெள்ளி கலந்திருக்குன்னு துட்டைக் கொறைக்கான். கிரீடம் வச்ச ராசாவையா கொறஞ்ச வெள்ளியில அடிப்பான்? மொட்டைத்தலைதான் அரை வெள்ளி" என்றார். நான், "அண்ணாச்சி, கிரீடத்தைப் பாக்காதீங்க, வருசத்தைப் பாருங்க. 1940-ல சண்டை நேரத்துலதான் வெள்ளியைப் பாதியாக் கொறச்சாங்க. இந்த ராஜா 1910-லயே செத்துப் போனாரு" என்றேன். அவர், "ஏட்டி, எனக்கே வெள்ளி படிச்சுக் குடுக்கியா? புஸ்தகம் என்ன உருக்கியா பாத்துச்சு?" என்றார். காவலர்கள் சிரித்தார்கள்.

நான் சார்பு ஆய்வாளர் ஐயாவிடம், உருக்காமலே காட்டுகிறேன், அண்ணாச்சியின் தராசும் கிரீடக் காசுப் பையும் இரண்டு வாளித் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டேன். அவர் தருவித்தார். ஒரே எடையில் செம்பு கலந்த காசு முழு வெள்ளிக் காசைவிடச் சற்றுப் பருமனாக இருப்பதால் தண்ணீர் அதை அதிகமாகத் தூக்கும் என்று விளக்கினேன். கிரீடக் காசுகளை வருடம் பார்த்து, 1940-க்கு முந்தியவை, பிந்தியவை என இரண்டாகப் பிரித்தேன். ஒரு தட்டில் 1919-ம் வருடக் கிரீடக் காசு இருபதும், மறு தட்டில் மொட்டைத்தலைக் காசு இருபதும் வைத்து, தேய்மானத்துக்குச் சிறு பித்தளைத் துண்டு போட்டு முள்ளை நேராக்கினேன். அதன் பிறகு ஐயாவே தராசைப் பிடித்து இரண்டு தட்டையும் வாளிகளுக்குள் இறக்கினார். முள் அசையவில்லை. மீதி இருபது மொட்டைத்தலைக் காசுக்கும் அப்படியே நின்றது.

அதன் பிறகு 1919-ம் வருடக் காசுகளை எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் 1944-ம் வருடக் கிரீடக் காசு இருபது வைத்து, வெளியே சரிசமமாக்கி, தண்ணீருக்குள் இறக்கச் சொன்னேன். கிரீடம் வைத்த ராஜா மேலே வந்தார். மொட்டைத்தலை ராஜா கீழே போனார். ஐயா மூன்று தடவை தூக்கித் தூக்கி இறக்கினார். மூன்று தடவையும் அப்படியே.

பரமசிவன் அண்ணாச்சி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அட கொடுமையே, இதையெல்லாம் இருபத்தேழு ரூவாய்க்குல்லா அள்ளிப் போட்டிருக்கேன்!" என்று தலையில் கை வைத்தார். தாவூது மாமா, "ஏன் வே, ஒம்ம கிரீடத்தை நம்பி நான் ஒரு பொம்பளையக் களவாணின்னு எழுதிக் குடுத்துட்டனே" என்று அவரைச் சத்தம் போட்டார். அண்ணாச்சி பாக்கி 520 ரூபாயை ஐயா முன்பாகவே எண்ணி வைத்தார். தாவூது மாமா அதைத் தானே வாங்காமல், "அக்கா, நீங்களே கொண்டு போயி எங்க அக்காகிட்டக் குடுங்க" என்று என் தாயாரிடம் சொன்னார். என் தாயார் தார்க் குச்சியை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் பணத்தை வாங்கினார்.

அதன் பிறகு தாவூது மாமா தன் புகாரைக் கிழித்துவிடும்படி ஐயாவைக் கேட்டுக்கொண்டார். கிழிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். காவலர் என் தாயாரைக் கூட்டி வந்ததைத் தெருவே பார்த்தது. புகாரைக் கிழித்தால், பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். சுந்தரபாய் ஒரு காசையும் மாற்றவில்லை என்பது அந்தப் புகாருக்குப் பக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஐயா எழுத்தரைக் கூப்பிட்டு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னார். தாவூது மாமாவும் அண்ணாச்சியும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சம்மதித்தார்கள். அதன் பேரில் இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் தவிர வேறெதையும் இதில் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஏ. ஜெபக்கனி

சாட்சிகள்: (ஒப்பம்) தாவூது, (ஒப்பம்) பரமசிவன்