லென்ஸ் டப்பாவைக் கேட்டவருக்கு

நாகர்கோவிலில் நம் கண் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத் தலைவராக இருந்து, இன்று பணி ஓய்வு பெறும் டாக்டர் ஞா. கிறிஸ்டல்பாய் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்போடு வாசித்து அளிக்கும் மடல்.

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்டு, கண்களைக் காத்த கனிவுடையீர்!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நுண்ணோக்கியின் முன் குனிந்திருந்தீர்கள். நோயாளியிடமும் அப்படியே குனிந்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்டீர்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா முடிந்த வாரங்களில், தூசி விழுந்து சிவந்த கண்களோடு வரிசை நீளும்போதும் உங்கள் குரல் உயர்ந்ததில்லை. இவற்றையெல்லாம் எழுதினால் இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது. ஆகவே ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறோம்.

பொறுமையின் பெருந்தகையே!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நம் வரவேற்பு மேசையில் இருக்கும் பிரீனாவின் வலக்கண் கருவிழியில் புண் வந்தது. அதற்கு முன்பும் கண் சிவந்தபோதெல்லாம் அவர் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருந்தார். சிவப்பு மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு அதே கான்டாக்ட் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். கண் மருத்துவமனையில் இருந்துகொண்டு இப்படிச் செய்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இம்முறை அந்த மருந்து கேட்கவில்லை. மருத்துவர்கள் மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. புண் கண்மணியை நோக்கி நகர்ந்தது. பார்வையே போய்விடும் நிலை.

எல்லாரும் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "லென்ஸ் வைக்கிற டப்பா எங்க?"

கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டித் தேங்காய்ச் சிரட்டையில் சேர்க்கும் அவருடைய தாய் தங்கபாய், பஸ் பிடித்து அதைக் கொண்டுவந்தார்.

"பளபளன்னுதானே இருக்கு டாக்டரம்மா? தண்ணி விட்டுக் கழுவித்தான் வச்சிருக்கா."

"சிரட்டையில ரப்பர் பால் காய்ஞ்சு ஒட்டுனா, தண்ணி ஊத்துனா போவுமா?"

"எப்பிடிப் போவும்? விரல விட்டு உரிச்செடுக்கணும்லா."

"இதும் அதுதான். கண்ணுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்."

தங்கபாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, என் சிரட்டை உன் டப்பாவ விடச் சுத்தம், கேட்டியா?" வலியிலும் பிரீனா சிரித்துவிட்டார். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிய கதையையும் அப்போதுதான் சொன்னார்.

பிறகு எங்களுக்கும் விளக்கினீர்கள். டப்பாவின் சுவரில் கிருமிகள் ஒட்டும். பிசின்போல ஒன்றைச் சுரந்து போர்த்திக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் இறங்காது. பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன்மேலேயே புதிதை ஊற்றியதால் திரவத்தின் வீரியமும் குறைந்திருந்தது. டப்பாவிலிருந்து லென்ஸுக்கு, லென்ஸிலிருந்து கண்ணுக்கு! அரைகுறையாகப் போட்ட சொட்டு மருந்தில் எளிய கிருமிகள் செத்தன, தாக்குப்பிடித்தவை பெருகின.

கண்ணிலிருந்தும் டப்பாவிலிருந்தும் எடுத்ததை வளர்த்துப் பார்த்தீர்கள். இரண்டிலும் ஒரே கிருமி. அதன்மேல் மருந்து வில்லைகளை வைத்தீர்கள். மருந்து கேட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் தெரியவேண்டும். வழக்கமான மருந்துகளுக்கு வளையமே இல்லை. ஓரத்தில் இருந்த ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் அகன்ற வளையம்! நீங்கள் சிறுபிள்ளைபோலக் கைதட்டியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த மருந்தில் புண் ஆறியது. தழும்பு கண்மணியைத் தொடாமல் நின்றது.

மேலிடத்துக்குப் புகார் போகும் என்று பிரீனா காத்திருந்தார். போகவில்லை. "நாம சொல்லிக்குடுக்காதது நம்ம தப்பு" என்று சொல்லி, ஊழியர் அனைவருக்கும் லென்ஸ் டப்பாவைப் பற்றி வகுப்பு எடுத்தீர்கள். தண்ணீர் படக்கூடாது, புதுத் திரவத்தால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து உலர்த்த வேண்டும், சில மாதங்களில் டப்பாவையே மாற்ற வேண்டும். எல்லாம் சொன்னீர்கள், பிரீனாவின் பெயரைத் தவிர.

அன்பின் உருவே! உடல்நலமும் உள்ளமகிழ்வும் நெடுங்காலம் உங்களோடு இருக்கட்டும். அந்தக் கைதட்டல் இனி உங்கள் வீட்டில் ஒலிக்கட்டும்.

இந்த மடலில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னது பிரீனாவேதான். இப்போது வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. லென்ஸ் இல்லை, கண்ணாடிதான் போட்டிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை மட்டும் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறார்:

"தெளிவாத் தெரியுது, மேடம்."

நன்றியுடன்,
ஆய்வகம், வார்டு, மருந்தகம், வரவேற்பு மேசை ஊழியர்கள்