ரோடு காலியானால்

தொம்மலூரில் பஸ் நகரவே இல்லை. என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே கணவர் கேட்டார்:

"ரத்தத்துல இவ்ளோ சக்கரை ஓடுதுன்னா எனக்குத் தெம்பு தானே வரணும்? ரெண்டு மாடி ஏறினா ஏன் கால் துவளுது?"

"வெளிய பாருங்க. ரோடு பூரா வண்டி. ஒண்ணாவது வீடு போய் சேருதா? உங்க சக்கரையும் அப்படித்தான், ரத்தத்துலயே நிக்குது. உடம்புக்குள்ள அனுப்பற இன்சுலின் போலீஸ்காரரு சரியா வேலை பாக்கல."

"அதுக்கு இன்னா பண்றது?"

"நடந்தா கொஞ்சம் வழி விடும்னு டாக்டர் சொன்னாரில்ல? எழுந்திருங்க."

இருவரும் இறங்கி ஈஜிபுரா பக்கம் நடந்தார்கள். வெகுநேரம் கழித்து என் பஸ் அவர்களைப் பிடித்தபோது ஒரு பேக்கரி வாசலில் நின்றிருந்தார்கள். கணவர் கையில், தேங்காயும் சர்க்கரையும் அடைத்த, தட்டு அகலத்துக்கு ஒரு ரொட்டி, முழு தில்பசந்த். ஜன்னல் வழியே கேட்டது:

"இவ்ளோ தூரம் நடந்தேனே, ரோடு காலியாயிருக்கும். சின்னதா ஒரு வண்டி விட்டா இன்னா?"

மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"சின்ன வண்டியா? இது தண்ணி டேங்கரு!"