தயிர்சாதத்தோடு துப்பாக்கி வாங்கப் போனவர்

"ஏம்மே, துப்பாக்கி வாங்கப் போற ரவுடி எவனாவது தயிர்சாதம் எடுத்துக்கினு போவானா?"

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எதிர் இருக்கைக்காரர் தன் மனைவியிடம் கிசுகிசுத்தார். என் காது பிறவியிலேயே பெரியது. அன்று இன்னும் கொஞ்சம் நீண்டது. செய்தித்தாளை விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ரவுடிக்குப் பசிக்காதா? நீ போலீசுன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? அத்த நெனச்சிக்கினே பிசைஞ்சேன். உப்பு தூக்கலாத்தான் இருக்கும்."

"தெரியாதுமே. ஆந்திரா பார்டர் தாண்டிக் கொண்டாந்து விக்கிறவன், என்னிய நெஜமாவே ரவுடின்னு நம்பித்தான் இன்னிக்கு வரச் சொல்லிக்கீறான். மீசைய எடுத்துட்டேன், முடி வளத்துட்டேன். எங்க இன்ஸ்பெக்டருக்கே அடையாளம் தெரியல."

அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்து கையை நீட்டினார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பழக்கதோஷத்தில், "போலீஸ்" என்றார்.

பெட்டியே திரும்பிப் பார்த்தது. மனைவி சட்டென்று இரண்டு டிக்கெட்டை நீட்டினாள்.

"ஓசியில போவ இப்படித்தான் சார் பீலா வுடும்."

பரிசோதகர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கயும் இந்த வாயி இப்படியே தொறந்துச்சின்னா?"

அவர் அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸைத் தானாகவே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உளவு வேலைக்கு நானும் லாயக்கில்லை. பொன்னேரியில் இறங்க வேண்டியவன், கும்மிடிப்பூண்டியில்தான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுத்தேன். நடைமேடையில் அவள் அவருடைய சட்டைப் பையில் டிக்கெட்டைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ரிட்டர்னும் சேத்துத்தான் எடுத்துக்கீறேன். இன்னிக்கு மட்டுந்தான் செல்லும். வந்துடுய்யா."