உணவறைச் சுவரிலிருந்து கழற்றிய வாள்

பெயர் யோகராஜா ஞானேஸ்வரி. வயது 52. சுவிஸ், இன்டர்லாக்கனில் வசிக்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள ஹோட்டலில் பதினெட்டு வருடமாகச் சமையலறை வேலை. பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் நான் சொல்வதாவது:

கடந்த செவ்வாய் காலை ஏழரை மணிக்கு, புயலில் ஹோட்டலுக்கு வரும் ஒரே பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்தது. அதன் பிறகு ஊழியர் விடுதியில் இருக்கும் லக்சாயினிக்குப் பிரசவ வலி கண்டது. அவள் கணவன் கஜீவன் அவளைக் காரில் ஏற்றிவிட்டுத் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்தான். எங்கும் மரம் விழுந்திருப்பதால் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள்.

அப்போது ஹோட்டலில் தங்கியிருந்த 98 வயது ஸ்கொட்லாந்துப் பெண்மணி ஊன்றுகோலுடன் வெளியே வந்து, மரம் அறுக்கும் வாள் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். உணவறைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த, இருவர் இழுக்கும் பழைய மரவாளைக் காட்டினேன். கழற்றச் சொன்னார். முதலாளி ஊரில் இல்லை. கதிரையில் ஏறிக் கழற்றியது நான்தான்.

அதன் பிறகு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கஜீவனும் பிடித்தோம். அவன் தள்ளினான். அம்மையார் ஊன்றுகோலால் நிலத்தில் குத்தி, தள்ளக்கூடாது, இழுக்க மட்டும்தான் வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போனதால், பதினேழு வயதில் காட்டுக்குப் போய்ச் சுரங்கங்களுக்கு முட்டு மரம் தறித்தவராம். போர் முடிந்ததும் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம்.

பாதியில் வாள் இறுகியது. கீழிருந்து அறுக்கச் சொன்னார். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

“சண்டைக் காலத்திலை கிளிநொச்சியிலை பதுங்கிற பங்கருக்குப் பனை தறிச்சனான் ஆச்சி. ஆப்புத்தான் வைக்கோணும்!” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

காருக்குள்ளிருந்து லக்சாயினி கத்தினாள்: “சண்டையைப் பிறகு பிடியுங்கோ. முதல் மரத்தை வெட்டுங்கோ!”

சமையலறைக் கதவுக்கு வைக்கும் மர ஆப்பைக் கொண்டுவந்து வெட்டுக்குள் இறைச்சிச் சுத்தியலால் அடித்தேன். வாள் இளகியது. அதைப் பார்த்த அம்மையார் ஆப்பு வைத்ததே சரி என்று இரண்டு தரம் சொன்னார். எட்டு ஐம்பதுக்குத் துண்டு பள்ளத்தில் உருண்டது, கார் போனது. பத்து இருபதுக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

கடைசி இழுப்பில் வாளின் இரண்டு பற்கள் உடைந்தன. முதலாளி பொலிஸில் கொடுத்த முறைப்பாடு அதைப் பற்றியது. உடைத்தது நான், கஜீவன் அல்ல.

இன்னொன்று. அம்மையாரை இங்கே ஒருவரும் அழைக்கவில்லை. ஆனாலும் காலையிலிருந்து நிலையத்துக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடம் மரம் தறித்தும் தன் பெயரை ஒருவரும் எங்கும் எழுதவில்லையாம், பொலிஸ் புத்தகத்திலாவது முதலாம் எதிரியாக, குற்றஞ்சாட்டப்பட்டவராக எழுதட்டுமாம். ஆகவே வாளைக் கழற்றச் சொன்னவர் பெயர் மோராக் கின்னேர்ட். எழுத்து எழுத்தாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிழையில்லாமல் எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன், எழுதினார்.

இவை தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நடந்தது இதுவே, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) யோ. ஞானேஸ்வரி