ஆறாமல் மூடியைத் திறக்கக் கூடாது

என்னைக் குடியிருப்பில் 'உலை' என்றால்தான் தெரியும். வயது நாற்பத்திரண்டு. மூன்றாம் மாடி, பின்பக்க வீடு. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புகார் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன், இந்தக் குடியிருப்பின் செயலாளர். சார்பு ஆய்வாளர் ஐயா என் வீட்டுப் பால்கனியில் அடுப்பருகே வைத்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

சொந்தக் கையால் ஒரு டிரான்சிஸ்டர் செய்துவிட வேண்டும் என்பது என் பைத்தியம். கடையில் கிடைப்பதை எதற்குச் செய்கிறாய் என்று எல்லோரும் கேட்டாயிற்று. அதற்குச் சிலிக்கான் வில்லையை ஆயிரம் டிகிரியில் சுட வேண்டும். கூடத்தில் பல் சுடும் அடுப்பைக் கேட்டேன், முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு சூளைக்கல்லும் ஹீட்டர் கம்பியும் வைத்து நானே ஒன்று கட்டினேன். வீட்டு லைன் தாங்காததால் லிப்ட் லைனிலிருந்து கம்பி இழுத்தேன். அது தப்புதான். அடுப்பு எரியும்போது லிப்டை நிறுத்திவிட்டு, 'பழுது' என்று பலகை மாட்டுவேன். மெக்கானிக் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

இன்று காலை பலகையை மாட்டிவிட்டு மாடிக்கு வந்து சுவிட்சை அடுப்புப் பக்கம் மாற்றினேன். அதற்குள் மச்சான், நன்றாக ஓடும் லிப்டுக்குப் பலகை எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறியிருக்கிறார். தட்டும் சத்தம் கேட்டது. முன்வீட்டில் தச்சு வேலை என்று நினைத்தேன். அதன் பிறகு மனைவி ஓடி வந்து, "எங்க அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டு கத்துறாரு. உங்களுக்கு அடுப்பு முக்கியமா, மச்சான் முக்கியமா?" என்றாள். நான் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தது உண்மை.

வில்லை வெந்தபின் அடுப்பை அணைத்தேன். லிப்ட் ஓடியது. மச்சான் வேர்த்து வழிய வந்து, "அப்படி என்னத்த மாப்ள உருக்குறீங்க?" என்று மூடியில் கை வைக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். புகாரில் தள்ளினேன் என்பது இதைத்தான்.

அதன் பிறகு வந்த ஐயாவும் மூடியைத் திறக்கச் சொன்னார். சூட்டோடு திறந்தால் வில்லை விரிசல் விட்டுவிடும். இருந்த மற்ற வில்லைகளெல்லாம் என் அவசரத்தால் அப்படியே போயின, இது கடைசி. "முதல்ல நான் சொல்றத எழுதிக்குங்க ஐயா, அப்புறம் திறக்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன். என் பள்ளிக்கூடக் கதையும் விரிவாகச் சொன்னேன், ஐயா எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சொன்னேன். எழுதியதை மறுபடி படித்துக் காட்டும்படி கேட்டதும் நானே.

இப்போது மூடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது. ஐயா முன்னிலையில் திறந்தோம். வில்லையில் விரிசல் இல்லை, நீலமாக இருக்கிறது; பக்குவமாகச் சுட்டதற்கு அதுதான் அடையாளம். மச்சானும் எட்டிப் பார்த்தார்.

சொன்னது அத்தனையும் நடந்ததே, கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. காலையில் என் மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் மச்சான்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டு, கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)