அளவுக்கு ஒரு ஆள்

பழைய ஊர்களைப் படம் பிடிக்கிறவனுக்கு முதல் எதிரி குப்பைத்தொட்டிதான், மேடம். கல் பாவிய சந்து, ஜன்னலில் பூச்சட்டி, பின்னால் தேவாலயக் கோபுரம் என்று எல்லாம் அழகாக அமைந்து வரும். நட்டநடுவில் நகராட்சிக்காரன் பச்சை பிளாஸ்டிக்கில் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பான். நானும் என் மனைவி மாரைக்கேயும் ஐரோப்பா முழுக்க எத்தனை தொட்டிகளை நகர்த்தியிருப்போம் என்று கணக்கே கிடையாது. படம் எடுத்ததும் நான் பாட்டுக்கு நடையைக் கட்டுவேன். அவள்தான் தொட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைப்பாள். "குப்பை கொட்ட வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க, எக்கார்ட்?" என்பாள். அவள் சுபாவம் அப்படி.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவசரப்படுத்தாமல் காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறீர்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில், பிரேமன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் படுக்கை வைத்த வேன் ஒன்று வாங்கினோம். வசந்தம் வந்தால் கிளம்பிவிடுவோம். நிலக்காட்சி எடுப்பதில் ஒரு சங்கதி உண்டு, மேடம். பாறையை மட்டும் எடுத்தால் அது மலையா மண்மேடா என்று பார்க்கிறவனுக்குப் புரியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு ஆள் நிற்கட்டும், மலை உடனே மலையாகிவிடும். எங்கள் புகைப்படச் சங்கத்தில் அதை 'அளவுக்கு ஒரு ஆள்' என்போம். எனக்கு அது மாரைக்கே. மஞ்சள் மழைச்சட்டை நானே வாங்கிக் கொடுத்தது. எப்போதும் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். முகம் தெரிந்தால் ஜனங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், மலையை யார் பார்ப்பார்கள்?

அவளுக்கு இதில் வருத்தமே கிடையாது, ஒரே கேலிதான். எங்கள் ஊர்க் கண்காட்சியில் ஓர் அம்மாள் பின்னாலிருந்து வந்து, "நீங்கதானே அந்த முதுகு?" என்று கேட்டுவிட்டாள். மாரைக்கே விழுந்து விழுந்து சிரித்தாள். "இவனுக்கும் அதுதான் தெரியும். மூஞ்சிய மாத்திக்கிட்டு வந்து நின்னேன்னா, யாரும்மா நீன்னு கேப்பான்" என்றாள். நானும் சிரித்தேன். நாங்கள் சந்தோஷமான தம்பதி. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

தூரத்தில் நிற்கிறவளுக்குக் கத்தினால் கேட்காது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் விசில் ஊதினால் நகரலாம், ஊதாதவரை நிற்க வேண்டும். ஒரு தடவைகூட அவள் அதை மீறியதில்லை.

உங்கள் கெர்வோலுக்கு வந்த அன்றே கடற்கரையில் நின்று பார்த்துக்கொண்டேன். கடல் இறங்கிக் கிடக்கும்போது, எதிரே கடலுக்குள் இருக்கும் அந்தக் கோட்டை ஊர் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது, அழகே இல்லை. நீர் முழுக்க ஏறிவிட்டால் ஆள் நிற்க இடமில்லை. ஏற ஆரம்பிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சரி. மணல்மேல் மெல்லிசாகத் தண்ணீர் பரவும், கோட்டையின் பிம்பம் அப்படியே தலைகீழாக அதில் விழும், ஆளும் நிற்கலாம். அதனால் மறுநாள் அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தேன்.

மதியம் கோதுமைத் தோசை தின்று ஆப்பிள் மது குடித்தோம். "எனக்கு இன்னொரு கிண்ணம் ஊத்தாத, அப்புறம் நீ எடுக்கற முதுகு ஆடும்" என்றாள். சாயங்காலம் கரைக்கு வந்ததும் மணலைப் பார்த்துத் தயங்கினாள்.

"தண்ணி வர்ற நேரம் இல்லையே?"

"இறங்கிட்டிருக்கு. நீ போ."

பொய்தான். ஏறுகிறது என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள். விவேகமானவள், நீச்சலும் தெரியாது.

"கால் ஜில்லுனு ஆச்சுன்னா ராத்திரி நீதான் தேய்ச்சு விடணும், சொல்லிட்டேன்" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். நல்ல தூரம் போய், சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றாள். அந்தச் சமயம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சிப்பி பொறுக்கிவிட்டு வாளியோடு கரையேறிய ஒருவர் என்னிடம் வந்தார். "அந்த மஞ்சச் சட்டை உங்க ஆளா? கடல் திரும்பிருச்சுங்க, சீக்கிரம் கூப்பிடுங்க" என்றார். "கூப்பிட்டாச்சுங்க, வந்துட்டே இருக்கா" என்றேன். அவரே திரும்பிப் போய்க் கூப்பிட்டிருந்தால் அவள் நகர்ந்திருப்பாள். நல்ல மனிதர், என்னை நம்பிப் போய்விட்டார்.

தண்ணீர் பரவியது, கோட்டை தலைகீழாக விழுந்தது, வெளிச்சம்தான் இல்லை. மேற்கே மேகத்துக்கு அடியில் கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வந்தது. இன்னும் சற்றுப் பொறுத்தால் சூரியன் அதில் இறங்கிவிடும். அதற்குள் அவளுக்கும் எனக்கும் நடுவே கடல் ஓர் ஓடையாகப் புகுந்துவிட்டது. பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய லென்ஸ் அது, எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். பழக்க தோஷத்தில் என் விரல் அதையும் எடுத்துவிட்டது. நான் கையைச் சுழற்றி, 'திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு' என்று காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் ஓடிவரப் பார்த்திருப்பார்கள்.

சூரியன் வந்தது. படத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? மேலே ஒரு கோட்டை, கீழே ஒரு கோட்டை, இரண்டும் பொன்னாக, நடுவே இடுப்புவரை தண்ணீரில் மஞ்சளாக அவள். உங்கள் கான்ஸ்டபிள் "அடேயப்பா" என்றார், என் காதில் விழுந்தது. படம் கிடைத்த அடுத்த நிமிஷமே விசில் ஊதினேன். சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை நான். ரொம்ப நேரம் ஊதினேன்.

தேடும் படகுகளுக்குக் கொடுக்க, அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்கிறீர்கள். கேமராவை நீங்களே புரட்டிப் பார்த்துவிட்டீர்கள், எல்லாம் முதுகு. முகம் தெரிந்தது அந்த ஒன்றில்தான். வாய் திறந்திருந்தது, என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சூரியன் வருவதற்குள் அதை அழித்துவிட்டேன், மேடம். மோசமான படம் ஒன்றில்கூட அவள் இருந்துவிடக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.