சுரண்டிய கை

சாயங்காலம் ஏழு மணி. ஆரம்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டினால் வெறும் வயல்... ஒரு விளக்கு கிடையாது. அந்த வழியில் ஒரு மனுஷர் படம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். நம் தெருக்கோடி வீட்டுக் குப்புராஜின் சித்தப்பா பரசுராமன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. ஒரே மகள் சந்திரகலா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். நர்ஸ் மேரி போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை. அந்த மேரிதான் முன்பே ஒரு படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருந்தாள். பெல்ஜியம் பாதிரியார் தந்த பழைய அச்சுப்படம். செத்த பெண்ணைச் சாமி எழுப்புகிற படம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்று அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மயிரிழை மயிரிழையாகக் கறுப்புக் கோடுகள். கட்டிலில் ஒரு பெண். அவளை இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்திருந்தார்கள். ஒருவருக்குக் கிரீடம், பட்டு, மோதிரம்... முகம் மட்டும் இருட்டு. இன்னொருவர் தாடிக்காரர். வெறுங்கால். உடம்பில் குண்டுமணி அளவு நகைகூட இல்லை.

ஆயுசு முழுக்க நகை போட்ட சாமிகளையே பார்த்தவர் அவர். கிரீடம் வைத்தவர்தான் சாமி, இந்தப் பரதேசி பெண்ணை இழுத்துப்போக வந்தவன் என்று முடிவுகட்டிவிட்டார். பிளேடை எடுத்தார். சர்ர்... சர்ர்... தாடிக்காரரின் கை போயே போய்விட்டது. பெற்ற மனசு, வேறென்ன செய்யும்?

படத்தை மகள் தலைமாட்டில் வைக்க ரயிலேறி வந்து இறங்கி, வீட்டுக்கு வரப்பில் ஓடும்போது பின்னால் பட்டு உரசும் சத்தம். இவர் நின்றால் அதுவும் நிற்கிறது. அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாசனை... சாமியே கூட வருகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில் சந்திரகலா பக்கத்தில் மேரி இருந்தாள். படத்தை வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணே பண்ணிட்டீங்க? வெறுங்காலோட கீறவருதான் ஏசு சாமி."

"அப்போ கிரீடம் வச்சவரு?"

"அது சாவுண்ணே."

பரசுராமன் பென்சிலைத் தேடி எடுத்து, அழித்த கையைத் திரும்ப வரைந்தார். சுரண்டிய தாள் தாங்கவில்லை, கிழிந்தது. அழுதுகொண்டே அந்த ஓட்டையில் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

சந்திரகலா கண் திறந்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து, பாயில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.

"நைனா... உங்கூட வந்தவரு நின்னுக்கினே கீறாரு. இங்க வந்து படுத்துக்கச் சொல்லு."